நேற்றுச் சேர்த்த சொற்களை யார் அழிப்பது?

கம்ப்யூட்டர் திருத்துகிறவனை வீட்டுக்குள் விடுவார்கள், பிளேன்டீ தருவார்கள், பாஸ்வேர்ட்டைக்கூடத் தருவார்கள். நம்பிக்கையை மட்டும் தரமாட்டார்கள்.

இதே தொழிலில் கிடந்து உழலும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் கடை. கடைக்கு வருகிற வேலைகளைத் தவிர, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சில சட்டத்தரணிகளின் கந்தோர்களுக்கும் போய், அங்குள்ள மெஷின்களைப் பார்த்துக்கொள்வேன். அதில் ஒரு கந்தோரில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். குற்றவாளி யார் என்று உங்களில் பாதிப் பேர் இரண்டாவது துணுக்கிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்குப் பதினெட்டு நாள் பிடித்தது.

பெட்டி வந்த விதம்

அந்தக் கந்தோரின் சொந்தக்காரர் பரமலிங்கம் சேர். சட்டத்தரணி, உறுதி எழுதும் நொத்தாரிசு. நீதிமன்றத்திலிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதிலிருந்த இணைப்பைத் திறந்திருக்கிறார். அவ்வளவுதான், எழுதி வைத்திருந்த காணி உறுதிகள் எல்லாம் திறக்க முடியாதபடி பூட்டுப்பட்டுப் போயின. பழைய பிரதிகளிலிருந்து என்னால் முடிந்ததை மீட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்கு எதிலும் சந்தேகம். மெல்பேர்னிலிருக்கும் மகள் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தையே திறக்காமல், அவளுக்குப் போன் எடுத்து, “நீதானே அனுப்பினது?” என்று விசாரித்த மனிதர்.

அவருக்காகத்தான் கந்தோரின் மூன்று கம்ப்யூட்டர்களிலும் சாண்ட்பொக்ஸ் போட்டேன். பிரவுசரை ஒரு பெட்டிக்குள் வைத்து ஓட்டுவது மாதிரி. பிரவுசருக்குள் எந்தக் கிருமி வந்தாலும் அது பெட்டிக்குள்தான் கிடக்கும், மெஷினைத் தொடாது. பிரவுசரை மூடியதும் பெட்டி தானாகவே வெறுமையாகிவிடும். பெட்டிக்குள் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக ஜன்னலைச் சுற்றி மஞ்சள் கரை ஒன்று தெரியும். இதையெல்லாம் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“உள்ளுக்க வாறது வெளியால போகாது எண்டுறீர். சரி. அந்தப் பெட்டியின்ர திறப்பு ஆரிட்ட இருக்கு? உம்மட்டத்தானே?”

பழசைத் தொடாத கள்ளன்

அங்கே ஸ்டெல்லா மிஸ் என்று ஒருவர். கொட்டாஞ்சேனைக்காரி, ஐம்பது தாண்டியவர், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் உறுதிகளையும் சத்தியக்கடதாசிகளையும் நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருப்பார். பிரவுசரில் அவருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு ஒட்டி ஓடும் சின்னப் புரோகிராம், இருந்தது. அதில் இரண்டு எழுத்தைத் தட்டினால் ‘ஈட்டுறுதி’ என்று முழுச்சொல்லும் விழும், பக்கத்திலேயே சிங்களச் சொல்லும் வரும். இப்படி ஆயிரத்துக்கும் மேலே சொற்களை ஏழெட்டு வருடமாக அவரே ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தார். வேறொரு கந்தோர் அந்தப் பட்டியலைக் கேட்டு ஆள் அனுப்பியும் கொடுக்கவில்லை.

சாண்ட்பொக்ஸ் போட்டு ஒரு கிழமை கழித்து எனக்குப் போன் எடுத்தார். தன் சொற்களை யாரோ அழிக்கிறார்கள் என்றார். எல்லாம் போய்விட்டதா என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லையாம். பழைய சொற்கள் அப்படியே இருக்கின்றனவாம். முதல்நாள் சேர்த்தவை மட்டும் அடுத்தநாள் காலையில் இல்லையாம். ஒரு நாள் இல்லை, ஐந்து நாளாக இப்படித்தான் என்றார். நான் வேறொரு வீட்டில் ரவுட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சரியாக யோசிக்காமல், “மிஸ், எதுக்கும் பாஸ்வேர்ட்டை மாத்திப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை இன்றைக்கும் அடிக்கலாம் போலிருக்கிறது. யாரோ ஒரு ஆள் இருக்கிறான் என்று நானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது.

“அதத்தான் நானும் நினச்சேன் தம்பி. கள்ளன் வந்தா இருக்கிறதெல்லாம் அள்ளிட்டுப் போவான். இவன் புதுச மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கிறான். வேலை தெரிஞ்ச ஆள்தான்.”

நிமலின் கொப்பி

வேலை தெரிஞ்ச ஆள் என்று அவர் சொன்னது யாரை என்று அடுத்த முறை போனபோதுதான் விளங்கியது. ஸ்டெல்லா மிஸ்ஸின் மேசைக்குப் பின்னால் நிமல் இருக்கிறார். நாற்பதைத் தாண்டிய சிங்கள எழுதுவினைஞர், தமிழும் நன்றாகவே கதைப்பார். தானும் மொழிபெயர்ப்பாளர் பரீட்சை எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மிஸ்ஸுக்குச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டும் பழக்கம். நிமல் அவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வந்திருக்கிறார். அந்தக் கொப்பியை மிஸ் ஒருநாள் பார்த்துவிட்டார். தன் மெஷினில் காணாமல் போன சொற்கள் அத்தனையும் அதில் வரிசையாக இருந்தன.

பாஸ்வேர்ட்டை மாற்றியும் சொற்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. பின்னாலிருந்து விரலைப் பார்த்து அறிந்துகொள்கிறான் என்று மிஸ் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். பகல் சாப்பாட்டை இருவரும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பிடுகிறவர்கள், அதுவும் நின்றுபோனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் நிமல்மேல்தான் சந்தேகம். கொப்பியை நானும் பார்த்தேனே. நான் போகும்போது நிமல் படிவரை வந்து, யாரும் கேட்காத இடத்தில் நின்று, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்:

“மல்லி, பதினொரு வருஷம் இந்த ஒபிஸ்ல. ஒரு பேனைகூட வீட்டுக்குக் கொண்டு போகல்ல. சொல்லைக் களவெடுத்து நான் எங்க விக்கிறது?”

குறுக்கு விசாரணை

பரமலிங்கம் சேர் எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். மூன்று கதிரை போட்டிருந்தது. நான், ஸ்டெல்லா மிஸ், நிமல். அவர் நின்றுகொண்டுதான் முதலில் என்னிடம் கேட்டார்.

“இந்த மெஷினின்ர பாஸ்வேர்ட் ஆருக்குத் தெரியும்?”

“மிஸ்ஸுக்கு.”

“வேற?”

“உங்களுக்கு, சேர்.”

“வேற?”

“எனக்கு.” சொல்லும்போது என் குரல் எனக்கே களவெடுத்தவன் குரல் மாதிரிக் கேட்டது.

அவர் என்னை விட்டுவிட்டு நிமலிடம் திரும்பி, அந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். நிமல் எழுந்து போய்க் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிறகு வெளியே கொளுவியிருந்த தன் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். ஸ்டெல்லா மிஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். சேர் ஜன்னலால் வெளியே எட்டிப் பார்த்தார்.

“குற்றமில்லாதவன் ஏன் குடையைத் தூக்கிக்கொண்டு போறான்? மழையும் இல்லையே.”

என் கண்ணுக்கு முன்னால்

அடுத்த நாள் நிமல் வேலைக்கு வரவில்லை. காலையில் நானே போய் ஸ்டெல்லா மிஸ்ஸுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அவர் புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்தார்: ‘பராதீனப்படுத்தல்’. சேர்த்ததை நான் கண்ணால் கண்டேன். பட்டியலில் விழுந்ததையும் கண்டேன். பன்னிரண்டரைக்கு வழக்கம்போலப் பிரவுசரை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் அசையவில்லை. கீழ்க்கடையிலிருந்து வடையை மேலே எடுப்பித்துத் தின்றபடி காவல் இருந்தேன். ஒரு ஈ, காகம்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

மிஸ் வந்து கையைத் துடைத்துவிட்டுப் பிரவுசரைத் திறந்தார். சொல் இல்லை. இரண்டு முறை தேடினார். பிறகு மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதானே தம்பி பக்கத்துல இருந்தீங்க?”

செய்ததும் செய்யாததும்

அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் திரையைப் பார்த்தேன். ஜன்னலைச் சுற்றி மஞ்சள் கரை. பிரவுசருக்குள் எழுதுவதெல்லாம் பெட்டிக்குள்தான் எழுதப்படுகிறது. மூடியதும் பெட்டி வெறுமையாகிறது. வெறுமையாக்கச் சொன்னவன் நான். கிருமி போகிற வழியால் எக்ஸ்டென்ஷனின் சொற்களும் போய்க்கொண்டிருந்தன. பழைய சொற்கள் பெட்டி வருமுன்பே வெளியே எழுதப்பட்டவை, ஆகவே அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கள்ளன் பழசைத் தொடாததன் இரகசியம் இவ்வளவுதான்.

வைத்தியம் பெரிதில்லை. பிரவுசரின் விபரங்கள் கிடக்கும் இடத்தில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனி ஃபோல்டர் இருக்கும், வாயில் நுழையாத நீளப் பெயரோடு. இந்த ஒரு எக்ஸ்டென்ஷனின் ஃபோல்டரை மட்டும் பெட்டிக்குள் அடைக்காதே, நேரே வெளியே எழுத விடு என்று சாண்ட்பொக்ஸுக்குச் சொல்ல வேண்டும். முழுவதையும் திறந்துவிட்டால் பெட்டி போட்டதில் பயனே இல்லை. முதலில் பிழையான ஃபோல்டரைத் திறந்தேன். இரண்டாம் முறை சரிவந்தது. மூடித் திறந்தோம். சொல் இருந்தது. “என்ன தம்பி செஞ்சீங்க?” என்றார் மிஸ். “ஒரு சின்ன செட்டிங்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் ஆறு கந்தோர். ஒரு கந்தோரில் பெயர் கெட்டால் பின்னேரத்துக்குள் ஆறிலும் கெடும். அந்தப் பயம்தான். ஆனால் பஸ்ஸில் வரும்போது குடையோடு இறங்கிப்போன மனிதனின் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா மிஸ் போன் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அன்னைக்குப் போன அந்த ஒண்ணு உங்க செட்டிங் பிழைன்னு வைப்போம் தம்பி. அதுக்குப் பிறகு நிமல் வராத மூணு நாளும் ஒரு சொல்லும் போகல்ல. இனி என்ன சாட்சி வேணும்?”

ஓட்டை

கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறினேன். சேரையும் மிஸ்ஸையும் ஒன்றாக இருத்தி, அழித்தது நிமல் இல்லை, நான்தான் என்றேன். இருவரும் நம்பவில்லை. நிமலைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று சேர் நினைத்தார். ஆகவே செய்து காட்டினேன். திறந்துவிட்ட வழியை அடைத்தேன், மிஸ் ஒரு சொல் சேர்த்தார், மூடித் திறந்தோம், சொல் இல்லை. வழியைத் திறந்தேன், மறுபடி சேர்த்தார், சொல் நின்றது. மூன்று முறை செய்வித்தார்கள். மூன்றாம் முறை முடிந்ததும் ஸ்டெல்லா மிஸ் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பிறகு போனை எடுத்து நிமலுக்கு அடித்தார். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தார். எடுக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். சேர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மஞ்சள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இப்ப பெட்டியில ஒரு ஓட்டை இருக்கு. அதுக்குள்ளால சொல்லு மட்டும்தான் வரும் எண்டு ஆர் பொறுப்பு நிக்கிறது?”

வெலி பெட்டிய

நிமல் சேரின் மூன்றாவது அழைப்புக்குத்தான் பதில் சொன்னார். திங்கட்கிழமை வந்தார், ஆனால் கதிரையில் இருக்கவில்லை. நடந்தது என்ன என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும், என்றார். சட்டத்தரணி கந்தோரில் பதினொரு வருடம் இருந்த மனிதர் அல்லவா. நான் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். அதைச் சிங்களத்தில் போட வேண்டியவர் யார்? ஸ்டெல்லா மிஸ்தான். தான் செய்த அநியாயத்தைத் தானே வரிவரியாக மொழிபெயர்த்தார். ‘சக ஊழியர்மீது ஆதாரமின்றிச் சந்தேகம் ஏற்பட்டது’ என்ற இடத்தில் கை நின்றது. பிறகு தட்டினார். சாண்ட்பொக்ஸுக்கு நான் ‘மணற்பெட்டி’ என்று எழுதியிருந்தேன். அதற்குச் சிங்களத்தில் என்ன போடுவது என்று வாய்விட்டு யோசித்தார். பின்னால் நின்ற நிமல், “வெலி பெட்டிய” என்றார். அன்றைக்கு அவர் மிஸ்ஸோடு கதைத்த முதல் வார்த்தை அது. மிஸ் திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டினார், தட்டினார், சொல்லைப் பட்டியலிலும் சேர்த்தார்.

முத்திரை தேவையில்லை, உள்ளுக்குள் வைத்திருக்கும் கடிதம்தானே என்றார் சேர். “வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டெல்லா மிஸ் தன் மொழிபெயர்ப்பாளர் முத்திரையை அழுத்திக் குத்தினார். மன்னிப்பு என்று அவர் வாயால் ஒன்றும் வரவில்லை. அந்தக் குத்தில் எல்லாம் இருந்தது என்று நான் நினைத்தேன். நிமல் சிங்களப் பிரதியை வாசித்து முடித்தார். பிறகு தமிழ்ப் பிரதியை எடுத்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினார். சிங்களத்தில்தான் வாசித்துவிட்டீர்களே, பிறகு ஏன் என்று கேட்டேன்.

“சிங்களம் மிஸ் எழுதினது. தமிழ் நீங்க எழுதினது. ரெண்டும் ஒண்டுதானா எண்டு பார்க்கத்தானே வேணும், மல்லி.”

எதை மறக்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஐந்து நிமிஷம் எடுத்தது, எதை மறக்கக்கூடாது என்று சொல்லாமல் விட்டதற்கு இரண்டு மொழியில் கையெழுத்து வைக்க வேண்டிவந்தது.