மூன்றாம் மாடி வீட்டின் விலை

பெரியம்மா தன் வீட்டை விற்க முடிவு செய்தபோது தரகரை வரவழைத்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று தரகர் கேட்க, பெரியம்மா யோசிக்காமல் ஒரு விலை சொன்னார். தரகர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். 

"கொஞ்சம் அதிகம் அக்கா."

"பக்கத்துக் கட்டடத்துல இதே விலைதான் போட்டிருக்காங்க."

"போட்டிருக்காங்க. வித்துட்டாங்களா?"

"விக்கத்தானே போட்டிருக்காங்க."

"பல மாசமா அந்தப் பலகை தொங்குது அக்கா. கேக்குற விலை வேற, கைமாறுற விலை வேற. பின்தெருவுல லிஃப்ட்டோட புதுக் கட்டடம் வந்திருக்கு, வங்கி வட்டியும் ஏறிடுச்சு. இப்போ வாங்குறவங்க கைதான் ஓங்கியிருக்கு. பத்துல ஒரு பங்கு குறைங்க, ஆள் வரும்."

"சமையலறைக்கு மட்டும் நான் எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"உங்க செலவை அவங்க ஏன் அக்கா குடுக்கணும்?"

"நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

"வித்தாத்தான் எனக்குக் கமிஷன். அப்போ உங்க பக்கம்தானே."

பெரியம்மா சிரிக்கவில்லை. அவர் கேட்ட விலையே விளம்பரத்தில் போயிற்று.

அவருக்குத் திரைச்சீலை தைக்கும் தொழில். துணி, கூலி, கொக்கி எல்லாம் கூட்டி ஒரு விலை சொல்வார். யாராவது பேரம் பேசினால் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்கும் அதே கணக்குத்தான் போட்டிருந்தார்.

விற்கவேண்டிய காரணம் பெரியப்பாவின் முழங்கால். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மருத்துவமனைக்குப் போகும் நாள் தவிர அவர் கீழே இறங்குவதில்லை. "உங்க பெரியம்மா என்னை ஜாமீன் இல்லாம உள்ள வச்சிருக்கா" என்பார். இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

முதலில் சிலர் வந்து பார்த்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. தொலைபேசியில் விசாரித்த ஒருவர், "இவ்வளவு நாள் விக்கலைன்னா வீட்டுல என்ன குறை?" என்று கேட்டார். அன்று முழுக்கப் பெரியம்மா தையல் மிஷினை விட்டு எழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் எப்படி விற்கிறார்கள் என்று பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

"உனக்குக் கல்யாணம் ஆகப்போகுது, வீடு பாக்குறோம்னு சொல்லிக்கலாம்."

"யாரோட கல்யாணம், பெரியம்மா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

கேட்கவில்லை. நாங்கள் பார்க்கப் போன வீடும் மூன்றாம் மாடிதான். அங்கும் லிஃப்ட் இல்லை. அந்த வீட்டம்மா குளியலறை ஓடுகளைத் தடவிக் காட்டி, அவற்றைப் பதிக்க எவ்வளவு ஆயிற்று என்று விவரமாகச் சொன்னார். பெரியம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்றோம்மா."

படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஓடு பதிச்ச காசை நம்ம தலையில கட்டப் பாக்குறா. மூச்சு வாங்க ஏறிப்போற வீட்டுக்கு இந்த விலையா? யார் குடுப்பா?"

சொல்லிக்கொண்டே வந்தவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பஸ் நிறுத்தத்தில்தான் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அந்தத் தரகருக்கு நீ ஒரு போன் பண்றியாடி? அவர் சொன்ன விலைக்கே போடச் சொல்லு. நான் பேசினா, 'அப்பவே சொன்னேனே அக்கா'ம்பார். உன்கிட்ட அப்படிச் சொல்ல மாட்டார்."