மூன்றாம் மாடியில் ஒரு கொடுங்கோல் ஆட்சி

ஹோட்டல் துப்புரவு மேற்பார்வை என்பது, நம்மைவிட நன்றாகப் படுக்கை விரிப்பவர்களுக்குப் படுக்கை விரிக்கச் சொல்லிக்கொடுக்கும் தொழில். கூச்ச சுபாவத்தோடு அதிகாரியானவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது அரசியல். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த ஒரு சிந்தனையாளரைப் பற்றித்தான் என் இறுதிக் கட்டுரை. ஆள்பவர்மீது அன்பு மட்டும் போதாது, பயமும் இருக்கவேண்டும். தேவைப்பட்டால் கெட்டவராகவும் பழகவேண்டும் என்பது அவர் கட்சி. படித்துவிட்டு சுவிஸ் நாட்டு லுசேர்ணில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த எனக்கு, ஆள்வதற்கு ஒரு மாடியும் ராணியக்கா, சுகந்தி என்று இரண்டு பெண்களும் கிடைத்தார்கள். மூன்று மாதப் பரீட்சைக் காலம். தேறாவிட்டால் பழையபடி படுக்கைதான்.

ஏச்சு

முதல் கிழமையே ராணியக்கா ஒரு குளியலறைக் கண்ணாடியைத் துடைக்க மறந்துவிட்டார். இருபது வருடமாக அங்கே வேலை செய்பவர். தமிழில் அவரை ஏச எனக்கு வாய் வராது. ஆகவே லிஃப்டுக்குள் நின்று ஜெர்மனில் ஒத்திகை பார்த்துப் போய், ஒரு மூச்சில் ஒப்புவித்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏசுறதெண்டால் தமிழில ஏசும் பிள்ளை. எனக்கும் ஒருக்கால் கோபம் வரவேணுமெல்லே."

உளவு

நான் போனால் ராணியக்காவும் சுகந்தியும் கதையை நிறுத்திவிடுவார்கள். சதியை முளையிலேயே அறியாத ஆட்சி நிலைக்காது. ஒருநாள் அவர்கள் வருமுன் ஓர் அறைக்குள் புகுந்து, ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றேன். இருவரும் வந்தார்கள். ராணியக்காவின் குரல் தாழ்ந்தது.

"மெல்லமாக் கதை சுகந்தி. பிள்ளை திரைக்குப் பின்னால நிக்குது, கால் தெரியுது. காணாத மாதிரி இரு, பாவம், வெக்கப்படும்."

தேர்

என் பரீட்சைக் காலத்தின் கடைசி ஞாயிறும் கோயில் தேரும் ஒரே நாளில் வந்தன. இரண்டு பஸ் நிறையச் சுற்றுலாக்காரர் வருகிறார்கள், ஒருவருக்கும் லீவு இல்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார். ராணியக்கா என்னிடம் வந்தார். கணவருடைய இருதய ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்த்தி வைத்திருந்தாராம். நான் முடியாது என்றேன். சண்டை பிடித்திருந்தால் வென்றிருப்பேன். அவரோ, "ஓம் பிள்ளை, உம்மட வேலையும் முக்கியம்தானே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அரை மணித்தியாலத்தில் வேலைப் பட்டியலில் அவர் பெயரை வெட்டி என் பெயரை எழுதினேன். ஞாயிறு, எட்டாவது அறையில் விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தபோது வாசலில் மேலாளர். "அவரை நான்தான் தேருக்கு அனுப்பினேன்" என்றேன். விரிப்புக்கே கேட்டிராது. அவர் கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மூலை மடிப்பு மிக அழகு. நாளையிலிருந்து இதையே செய்யுங்கள்."

ஆட்சி மாற்றம்

மேற்பார்வை ராணியக்காவுக்குப் போனது. அரசியலில் ஒரு வரிகூடப் படிக்காதவர். திங்கட்கிழமை எனக்குக் கோயில் விபூதி கொண்டுவந்தார். கண் கலங்கிக் கையை நீட்டினேன்.

"பூசும் பிள்ளை. பூசிப்போட்டு அந்த எட்டு அறையையும் பதினொரு மணிக்குள்ள முடிச்சுவிடும்."

ஆள்பவர்களுக்குப் புத்தி சொன்ன அந்த இத்தாலிக்காரரும் பதவி பறிபோன பிறகுதான் எழுத உட்கார்ந்தாராம். அந்த வகையில் நானும் சரியான நேரத்தில்தான் எழுதுகிறேன்.