பஸ்ஸில் வந்த பாடம்

தினமும் காலையில் என் மகள் யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். நான் வாசல் கதவைத் திறப்பதேயில்லை. கட்டிலிலிருந்து எழுந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தால் வகுப்பு. அமெரிக்காவின் இந்தக் குளிர் அவளுடைய மூச்சிரைப்புக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால், அரசுப் பள்ளியின் ஆன்லைன் பிரிவில் சேர்த்தோம். அங்கே எலன் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இவளுக்கு இழுப்பு வந்தால் எனக்கு முன்னால் அவர் காதில் விழுந்துவிடும். "யாழினி, முதலில் இன்ஹேலரை எடு" என்று பாடத்தை நிறுத்திவிடுவார். நல்ல பள்ளிதான். ஆனாலும் தலை வாரி, ரிப்பன் கட்டி, பிள்ளையை வெளியே அனுப்பாத காலை எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் படித்தது தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில். பள்ளிக்கூடம் என்றாலே எனக்குச் சத்துணவில் முட்டை போடும் நாள்தான். தட்டோடு வரிசையில் இடித்துக்கொண்டு நிற்போம். மஞ்சள் கருவை முதலில் தின்பதா, கடைசிக்கு வைத்துக்கொள்வதா என்று பெரிய சண்டையே நடக்கும். அந்த இரைச்சலுக்காக இன்றும் ஏங்குகிறேன். கொரோனாவில் அந்தப் பள்ளியும் மூடியது. அண்ணன் மகள் செல்வி அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் சிக்னல் கிடையாது. வீட்டுக்கு இருந்த ஒரே போனை அண்ணன் சாமை விற்க மலைக்குக் கீழே பொம்மிடிக்குப் போகும்போது எடுத்துப்போவார். கீழே போனதும் வாத்தியார் அனுப்பிய வீடியோக்களெல்லாம் மளமளவென்று போனில் இறங்கும். சாயங்கால பஸ்ஸில் உப்பு, புளியோடு பாடமும் மலையேறும். செல்வி ரோட்டோரம் காத்து நிற்பாள். சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்கே கொடுத்தார்கள். ஒருமுறை அண்ணனோடு கீழே வந்த அண்ணி எனக்குப் போன் செய்தார். "அரிசியும் முட்டையும் சொன்ன நாள்ல குடுத்துடறாங்க. பாடந்தான் ஒங்கண்ணன் கீழ எறங்கினாத்தான் வருது" என்றார்.

சென்ற மாதம் இங்கே பள்ளி வாரியக் கூட்டம். ஆன்லைன் பிரிவின் நிதியைப் பாதியாகக் குறைக்கலாமா என்று பேச்சு. குறைத்தால் எலன் டீச்சர் போய்விடுவார். பதிவு செய்த வீடியோதான் மிஞ்சும். ஒரு பெரியவர் எழுந்து நிதானமாகச் சொன்னார்: "வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்குக் கட்டடம் வேண்டாம், பஸ் வேண்டாம், மதியச் சாப்பாடு வேண்டாம். முழுப் பணம் எதற்கு? என் பேரன் பள்ளியில் கூரை ஒழுகுகிறது." அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

இங்கே பெயரும் முகவரியும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். சொன்னேன். "எங்கள் மலையில் பள்ளியை மூடியபோதும் பிள்ளையின் முட்டை வீட்டுக்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து படித்தால் முழுப் பிள்ளை அரைப் பிள்ளை ஆகிவிடுமா?" என்று கேட்டேன். எல்லோரும் கனிவாகத் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்கப்படாதீர்கள். எங்கள் சர்ச்சில் இலவசமாக உணவுப் பொருள் தருகிறோம்."

"சாப்பாட்டுக்குக் குறையில்லை. நான் கேட்டது டீச்சரை."

"புரிகிறது" என்று கையை இன்னும் இறுக்கினார். மறுநாள் வாசலில் ஒரு பெட்டி. பிரித்தால், ஒரு டஜன் முட்டை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

நிதியைக் குறைத்துவிட்டார்கள். எலன் டீச்சர் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒருமுறை சொல்லிவிட்டு விடைபெற்றார். அண்ணி வீட்டருகே மேட்டில் ஏறினால் இப்போது சிக்னல் கிடைக்கிறதாம். இனிப் பதிவு செய்த வீடியோதான் என்று அவரிடம் சொன்னேன். "செல்விய ஹாஸ்டல்ல உட்டதுல இருந்து வூடே வெறிச்சுன்னு கெடக்குது" என்று புலம்பிக்கொண்டிருந்தவர், "அப்ப அங்கயும் பாடம் பஸ்ஸுலதான் வருதா?" என்றார்.

திங்கட்கிழமை காலை முட்டையை உரித்து யாழினிக்கு வைத்தேன். திரையில் முகமில்லாத ஒரு குரல் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு இழுப்பு வந்தது. குரல் நிற்கவில்லை. ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மூச்சு சீராகும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பள்ளி பஸ் திருப்பத்தில் வந்தது. எங்கள் வாசலில் ஏதோ இறக்கிவைத்துவிட்டுப் போகும் என்பதுபோல, அது தாண்டிப்போன பிறகும் செல்வி மாதிரி பார்த்துக்கொண்டே நின்றேன்.