துறைமுகத்தின் மேல் ஒரு துருப்பிடித்த விமானம்

விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையில் கையில் ஒரு சொட்டும் ஒட்டாது. பயம் மட்டும் ஒட்டும், அது எந்தச் சோப்புக்கும் போகாது.

விளக்கிவிடுகிறேன், இல்லையென்றால் எங்கள் தெருக்காரர்கள் மாதிரி நீங்களும் ‘இன்னும் கேம் விளையாடுற வயசா?’ என்று கேட்பீர்கள். இது கேம் இல்லை, சிமுலேட்டர். கம்ப்யூட்டரில்தான் பறக்கிறோம், ஆனால் போர் விமானத்தின் எஞ்சினைக் கிளப்பவே ஒவ்வொரு சுவிட்சாக வரிசை தவறாமல் போட வேண்டும். ஒன்றை மறந்தாலும் விமானம் ஓடுபாதையிலேயே உட்கார்ந்திருக்கும். தமிழ்நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிற நாங்கள் ஒரு குழுவாக, ஹெட்போனில் பேசிக்கொண்டு, ஞாயிறு மதியங்களில் சேர்ந்து பறக்கிறோம். விமானங்களுக்கு நிறமும் அடையாளமும் போட்டுக் கொடுப்பதும், பறப்பதற்கு ஊர்களை வரைந்து கொடுப்பதும் என் வேலை.

தூத்துக்குடியில் எம்.எஸ்சி. படிக்கிறேன். அப்பா வள்ளத்தில் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். கிளம்பினால் சில நாள் கடலிலேயே தங்கிப் பிடித்துவிட்டுத்தான் திரும்புவார். வீட்டில் யாருக்கும் புரியாத ஒன்றைச் செய்துகொண்டு, அதற்காகத் தினமும் வழக்காடி, தினமும் தோற்றுக்கொண்டிருக்கும் சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்காக.

கழுவிக் கொடுங்கள்

ஷோரூம் கார் மாதிரி மினுங்குகிற போர் விமானத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கடலோரத்தில் நிற்கிற எந்த இரும்பையும் உப்புக்காற்று விட்டுவைக்காது. எங்கள் ஊர் உப்பள லாரிகளின் கதவைத் தொட்டால் கையோடு வந்துவிடும். அப்படியிருக்க, கடலோரப் படைத்தளத்து விமானம் மட்டும் எப்படி மினுங்கும்? இதைச் சொல்லிக் குழுவில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டேன். மீதிப் பாதியில் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர், மோட்டார் பம்பு விற்பவர். எனக்கு ஒரு நிஜமான விமானம் செய்து கொடுங்கள் என்றார். ‘சார்’ என்று எழுதிக்கொண்டிருந்தவர் முதல்முறை என் குரலைக் கேட்டதும், அண்ணன் வீட்டில் இல்லையா என்று விசாரித்தார். அண்ணன் என்று யாரும் கிடையாது, பெயின்டர் நான்தான் என்று நம்பவைப்பதற்குள் வாலுக்கு ஒரு கோட்டிங் அடித்து முடித்திருக்கலாம்.

எங்கள் வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஒரு தகரம் இருக்கிறது. பாறையில் இடித்து விழுந்த ஓட்டையை அடைக்க அப்பா அடித்தது. அதிலிருந்து துரு ஒழுகி, காலை விரித்த கணவாய்மீன் மாதிரி ஒரு கறை. அதைப் படமெடுத்து, ஒரு கால்கூடக் குறையாமல் கோயம்புத்தூர்க்காரரின் விமான வாலில் ஏற்றினேன். முதல்முறை பறந்து இறங்கியதும் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“ஏனுங்க அம்மணி, இதுல ஏறவே பயமா இருக்குதுங்க. கொஞ்சம் கழுவிக் குடுங்களேன்.”

சோறு ஆறுகிறது

எங்கள் குழுத்தலைவர் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருப்பவர். ரேடியோவில் பேச அவர் வைத்திருக்கும் சட்டம் இது: யாரைக் கூப்பிடுகிறாய், நீ யார், விஷயம் என்ன. அவ்வளவுதான். அலறக்கூடாது. நிஜப்பெயர் சொல்லக்கூடாது, ஆளுக்கொரு பறக்கும் பெயர். நான் ‘திருக்கை’. சாகப்போகிற மனுஷிக்கு அலறும் உரிமை உண்டு என்று நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். அலறினால் மைக்கை அணைத்துவிடுவேன் என்று முடித்துவிட்டார்.

பின்னாலிருந்து ஏவுகணை வருகிறது என்றால் விமானத்துக்குள் ஒரு ஒலி எழும்பும். கீச் கீச்சென்று தொடங்கி, நெருங்க நெருங்க ஒரே இழுப்பாக இழுக்கும். நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம், மின்விசிறி ஓடுகிறது, எல்லாம் தெரியும். ஆனாலும் உள்ளங்கை ஈரமாகும், முதுகு விறைக்கும். பொய்க்குத்தானே பயப்படுகிறாய் என்பவர்களுக்கு என் பதில்: வியர்வை பொய்யில்லை. ஒருநாள் அந்த ஒலி ஹெட்போனை மீறி அடுக்களைவரை போய்விட்டது. சிலிண்டர் கசிகிறது என்று நினைத்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். என்னைச் சுட்டுவிட்டார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் சாகப்போகிறேன் என்று திரும்பாமலே சொன்னேன். அம்மா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏளா, சாவுறதுன்னா சாப்பிட்டுட்டுச் சாவு. சோறு ஆறுது.”

விளையாட்டுக்கு

இந்தச் சிமுலேட்டரில் கிடைக்கும் ஊர்கள் எல்லாம் யாருடையதோ. ஏதோ பாலைவனம், ஏதோ பனிமலை. பறந்து பறந்து அந்த ஊர்ச் சந்துகள்கூட மனப்பாடம். எங்கள் ஊருக்கு என்ன குறைச்சல்? வானத்திலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாக வெள்ளை வெளேரென்று உப்பளம், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், கடலுக்குள் கை நீட்டியது போலத் துறைமுகத்துக் கல்சுவர். தூத்துக்குடியை நானே வரைகிறேன் என்று சவால் விட்டு, கேமராவோடு ஸ்கூட்டியில் கடற்கரைச் சாலைக்குப் போனேன். சுவரை நான்கு கோணத்தில் எடுப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

எதற்கு என்று கேட்டார். இது பொது ரோடு, பொதுக் கடற்கரை, எங்கப்பா தொழில் பார்க்கிற கடல் என்று நானும் அடுக்கினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு படத்தையும் அவர் முன்னாலேயே அழிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து, அந்த ஆத்திரத்தில் மொத்த ஊரையும் ஞாபகத்திலிருந்தே வரைந்தேன். கடலில் வள்ளங்களையும் விசைப்படகுகளையும் மிதக்கவிட்டபோது மட்டும் என் பழைய கம்ப்யூட்டர் திணறித் திணறி நின்றது. வேறு வழியில்லாமல் எல்லாப் படகையும் எடுத்துவிட்டேன். மற்றபடி அசல் தூத்துக்குடி. அந்தப் போலீஸ்காரர் என் முகத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கும்போது சொன்னதுதான் வரைகிற நாளெல்லாம் காதில் கேட்டது.

“விளையாட்டுக்குன்னு சொல்லித்தாம்மா எல்லாரும் மாட்டுதாங்க.”

ஊர் மறந்துவிடும்

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பறந்ததைப் படமாக்கி, யாருடைய படம் நிஜம் மாதிரி இருக்கிறது என்று போட்டி வைப்போம். திரையில் தெரியும் எண்கள், குறிகள் எல்லாவற்றையும் மறைத்துவிடுவோம். கரையில் நிற்கிற யாரோ செல்போனில் எடுத்த மாதிரி படத்தை ஆட்டுவோம், கொஞ்சம் மங்கலாக்குவோம். என் தூத்துக்குடி மேல் நடந்த முதல் ஞாயிற்றுக்கிழமைப் பறப்பை மதுரைப் பையன் ஒருவன் இப்படிப் படமாக்கினான். கோயம்புத்தூர்க்காரரின் துருப்பிடித்த விமானம் தலைக்கு மேல் தாழ்வாகக் கடக்கிறது. கல்சுவருக்கு அந்தப் பக்கம் தீ, கரும்புகை. எல்லோரும் அவனுக்கே ஓட்டுப் போட்டோம், நானும்தான்.

அது எல்லையில் பதற்றம் என்று டிவிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த வாரம். அடுத்தநாள் காலை அம்மா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எங்கள் படம். பையனின் பெயர் இருந்த ஓரத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். ‘தூத்துக்குடி துறைமுகத்தில் குண்டு, உடனே பகிரவும்’ என்று மேலே எழுதியிருந்தது. அம்மாவின் அன்பியக் குழுவில், கோயில் ஜெபக்கூட்டத்துப் பெண்களின் வாட்ஸ்அப்பில், வந்திருக்கிறது. அதாவது ஊரே பார்த்துவிட்டது. நான் வரைந்த கல்சுவர், நான் ஏற்றிய துரு. குழுத்தலைவரைக் கூப்பிட்டேன். உடனே மறுப்புப் போடுவோம், நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லிவிடுவோம் என்றேன். சொன்னால் முதலில் உன்னைத்தான் தூக்குவார்கள், ஊரை வரைந்தது நீதான் என்றார். எங்கப்பா கடலில் இருக்கிறார் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர், அதே ரேடியோக் குரலில், அலறாமல் சொன்னார்.

“எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டு அமைதியா இரு. ரெண்டு நாள்ல ஊர் மறந்துடும்.”

ஒன்றையும் விட்டுவைக்கவில்லை

சம்பந்தம் என்ன என்பது திரேஸ்புரம் கரைக்குப் போனதும் தெரிந்தது. வள்ளக்காரர் சங்கத்துக் கொட்டகை முன்னால் பெண்கள் கூட்டம். அம்மா எனக்கு முன்பே வந்து நின்றாள். சிக்னல் கிடைக்கிற தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு வள்ளத்தில் யாரோ போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வயர்லெஸில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கரை சேர வேண்டிய வள்ளங்கள் எல்லாம் அந்த வள்ளத்தைச் சுற்றி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டன, அப்பாவின் வள்ளமும் சேர்த்து. கச்சான் காற்று எழும்பியிருந்தது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. கரையிலிருந்து கடலுக்குள்தான் தள்ளும். நங்கூரம் இழுபட்டால், டீசலும் தீர்ந்தால், வள்ளம் இலங்கை எல்லைக்குப் போய்விடும். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பது அவர்கள் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை.

சங்கத்து அண்ணாச்சி காலையிலிருந்து வயர்லெஸில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தார். இங்கன ஒண்ணும் நடக்கல, வாங்கலே என்கிறார். நீரு இருக்கீரு சரி, துறைமுகம் இருக்கா என்று கேட்கிறார்கள். இருக்கு என்றால், பக்கத்தில் எவனும் நின்று மிரட்டி அப்படிச் சொல்லச் சொல்லுதானா என்கிறார்கள். சந்தேகம் தீரவே இல்லை. நான் போய் மைக்கைக் கேட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு காக்கிச் சட்டை வந்து நின்றது. கடற்கரைச் சாலையில் பார்த்த அதே ஆள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டதை அவர் கண்ணிலேயே பார்த்தேன். யாரைக் கூப்பிடுகிறாய், நீ யார், விஷயம் என்ன. “எல்லா வள்ளத்துக்கும், கரையிலேர்ந்து பேசுறேன். நான் திருக்கை...” என்று வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. நிறுத்தினேன். பறக்கும் பெயர் அங்கே யாருக்கு வேண்டும்? “நான் மிக்கேல் மவ ஜெனிட்டா. அந்தப் படத்துல இருக்கிற தூத்துக்குடியை வரைஞ்சது நான்தான்.”

எனக்குத் தெரிந்தது வாதம்தான், அதைத் தொடங்கினேன். அப்பா, அந்தப் படத்தில் கடலை நல்லாப் பாருங்க, ஒரு படகாவது இருக்கா? நம்ம கடலில் என்னைக்காவது படகு இல்லாமல் இருந்திருக்கா? கம்ப்யூட்டர் தாங்காது என்று நான்தான் எடுத்தேன், அது ஒன்றே போதாதா பொய் என்று தெரிய, என்று மூச்சுவிடாமல் கேட்டேன். இதைவிடப் பெரிய ஆதாரம் உலகத்தில் இல்லை என்றுதான் நினைத்தேன். கரகரவென்று இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது.

“அதைப் பாத்துத்தாம்ளா நாங்க நின்னதே. ஒண்ணையும் விட்டுவைக்கலன்னு நினைச்சோம்.”

தகரம்

கம்ப்யூட்டருக்கு வசதியாக நான் துடைத்தெடுத்த கடலைத்தான் அவர்கள் பிணக்கடலாகப் பார்த்திருக்கிறார்கள். அம்மா என் தோளைப் பிடித்தாள். திட்டவில்லை, பிடி மட்டும் இறுகியது. வெளியே பனை ஓலைகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன.

அப்போதுதான் துரு ஞாபகம் வந்தது. மெதுவாகப் பேசினேன், ஒவ்வொரு சொல்லாக. படம் இருக்கிற போன் பக்கத்து வள்ளத்திலா, அதை வாங்குங்க. விமானம் தலைக்கு மேல் போகிற இடத்தில் நிறுத்துங்க. வாலைப் பெரிசாக்கிப் பாருங்க. அப்புறம் நம்ம அணியத்துக்குப் போய், நீங்க அடிச்ச தகரத்தைப் பாருங்க. அவ்வளவுதான் சொன்னேன். ஆடுகிற கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குப் போன் கைமாற வேண்டும், அதற்கப்புறம் அவர் அணியம்வரை போய் எட்டிப் பார்க்க வேண்டும். வயர்லெஸ் இரைந்துகொண்டே இருந்தது. பெண்கள் ஜெபமாலையை உருட்டினார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு காத்திருந்தார். ஏவுகணை நெருங்கும்போது அந்த ஒலி ஒரே இழுப்பாக இழுக்கும் என்று சொன்னேனே, அது உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை கறை கடல்தண்ணீரில் கரைந்து உருமாறியிருந்தால்? அப்பா புதுத் தகரம் மாற்றியிருந்தால்?

“நம்ம தகரந்தான்” என்றது வயர்லெஸ். கணவாய்க் காலு, அதே மாதிரி விரிஞ்சிருக்கு என்று யாரோ பின்னால் சொல்வது கேட்டது. அப்புறம் அப்பா என்னிடம் பேசவில்லை. கடலில் நின்ற அத்தனை வள்ளத்துக்கும், கொட்டகையில் நின்ற அத்தனை பேருக்கும், வாசலில் நின்ற காக்கிக்கும் கேட்கிற மாதிரி உத்தரவு போட்டார்.

“ஏலே, நங்கூரத்தத் தூக்குங்க. இது என் மவ போட்ட குண்டுதான்.”

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா வள்ளங்களும் வந்து சேர்ந்தன. மறுநாள் அப்பாவும் நானும் ஸ்டேஷனில் உட்கார்ந்து, சிமுலேட்டர் வேறு கேம் வேறு என்று நான் தொடங்கியதை அப்பா என் காலை மிதித்து நிறுத்தி, ஒருவழியாக நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். கூப்பிட்டால் வர வேண்டும் என்றார்கள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் கை ஈரமாகிறது.

இப்போது என் தூத்துக்குடிக் கடலில் எல்லாப் படகும் இருக்கிறது, விமானம்தான் திக்கித் திக்கிப் பறக்கிறது. இந்த ஊரில் யாராவது திணறித்தான் ஆக வேண்டும் என்றால் அது கம்ப்யூட்டராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.