பாடமாக்கிய நம்பர்

லண்டன் வெம்பிளியில் வளர்ந்த என் மகள், ஒரு மாத லீவில் குவாத்தமாலாவுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். முதுகில் ஒரு பை. ஆறுகளைக் கடப்பாளாம். மெழுகுதிரி பிடித்தபடி குகைக்குள் நீந்துவாளாம். மலைக் கிராமத்தில் முன்பின் தெரியாதவர் வீட்டில் படுப்பாளாம். இதையெல்லாம் நான் முப்பது வருடங்களுக்கு முன்பே செய்துவிட்டேன். அப்போது அதற்கு அகதி என்று பெயர்.

"உங்களைக் கூட்டிக்கொண்டு போற ஏஜென்சி ஆர்?" என்று கேட்டேன்.

"ஏஜென்சி இல்லையப்பா, கைட்."

"ரெண்டும் ஒண்டுதான். என்னைக் களவா எல்லை கடத்தினவனும் ஏஜென்சிதான். பாஸ்போட்டை மட்டும் அவனிட்டக் குடுத்திடாதை."

மனைவி மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்தாள். நான் என் கைபேசி நம்பரைப் பாடமாக்கச் சொன்னேன்.

"அது ஃபோனில இருக்குத்தானே?"

"ஃபோன் தண்ணிக்குள்ள விழுந்தால்?"

தேவாரம் போல நாள்தோறும் ஒப்பிக்க வைத்தேன். பிள்ளை கண்ணை உருட்டினாலும் ஒப்பித்தாள்.

நான் வந்தபோது, போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே என் பை ஆற்றோடு போய்விட்டது. மிஞ்சியது தலைக்குள் இருந்த ஒரே ஒரு நம்பர். லண்டனில், ஹவுன்ஸ்லோவில் இருந்த பெரியப்பாவின் மகனுடையது. கண்டவர்களிடம் எல்லாம் சில்லறை கேட்டு, மூன்று நாள் டெலிபோன் பெட்டிக்குள் நின்று அடித்தேன். அவர் எடுக்கவில்லை. "எனக்கும் அப்ப விசா இல்லை. ஆரெண்டு தெரியாமல் பயந்திட்டன்" என்று பிறகு சொன்னார். நான் அதை நம்பவேயில்லை. அவர் வீட்டுக் கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் மனைவிதான் போய்வருவாள். எனக்கு அந்த நாட்களில் எப்படியோ ஷிப்ட் வந்துவிடும்.

மகள் போன பத்தாம் நாள், குகைக்குப் போவதாகச் செய்தி அனுப்பினாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் அனுப்பியது எதுவும் போய்ச் சேரவில்லை. மனைவி பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். நான் விடியவிடியக் குகை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த அந்தரத்துக்குள், ஏதோ வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒருவன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தான். லண்டன் தமிழனுக்குத் தெரியாத நம்பர் என்றால் ஒன்று மோசடி, இல்லையென்றால் கோயில் திருவிழா உபயம். எடுத்தாலே பேங்கில் இருப்பது காலியாகிவிடும் என்று எனக்குப் பயம். வெட்டினேன். திரும்ப அடித்தான். திரும்ப வெட்டினேன். மூன்றாம் நாளும் அடித்தபோது, "பிள்ளையைக் காணேல்லை எண்டு மனிசன் துடிக்கிறான், இந்த நாய்க்கு வேற வேலையில்லை" என்று கத்தியபடி அந்த நம்பரையே தடைசெய்யப் போனேன். மனைவி ஃபோனைப் பறித்து எடுத்தாள்.

"அம்மா, என்ர ஃபோன் குகைக்குள்ள விழுந்திட்டுது" என்றது மகளின் குரல். "இஞ்ச ஒரு வீட்டு ஃபோனில இருந்து மூண்டு நாளா அடிக்கிறன். நம்பர் எனக்கு நல்ல பாடம். அப்பா ஏன் எடுக்கேல்லை?"

மனைவி ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

"ஆரெண்டு தெரியேல்லையம்மா, பயந்திட்டன்" என்றேன். சொன்ன பிறகுதான், அது யாருடைய வசனம் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் ஹவுன்ஸ்லோ அண்ணைக்கு அடித்தேன். பழைய நம்பர் இன்னும் பாடமாகத்தான் இருந்தது. என் நம்பரை நான் அவருக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. கனநேரம் மணி போனது. எடுக்கவில்லை.

திரும்ப அடித்தேன்.