முந்தானையைப் பிடித்திருக்கும் கை

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே, நடைபாதையில் ஒரு சாக்கை விரித்துப் போட்டதுதான் என் முதல் கடை. அதற்கு முன்னால் கடை என் தலையில் இருந்தது. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகத் துணிமூட்டையைச் சுமந்து விற்றேன். சாக்குக் கடைக்குப் பிறகு அரைக் கடை. மற்ற அரையில் ஒருவர் கையில் கட்டுகிற மணிக்கூடுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு முழுக் கடை. அது ஒரு முறை எரிந்தது. யார் எரித்தார்கள் என்று எழுதப்போவதில்லை. அவர்களில் சிலர் பிற்பாடு என்னிடமே வந்து பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி வாங்கினார்கள், நானும் முகம் கோணாமல் வெட்டிக் கொடுத்தேன். எரிந்த இடத்திலேயே மூன்று மாடி எழுப்பினேன். வங்கியில் கையெழுத்துப் போடும்போது அங்கிருந்த ஐயா "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க" என்று கேட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு என்றேன். அவர் தலை நிமிர்ந்து இன்னொரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையும் நான் சம்பாதித்ததுதான். பெண்கள் சேலை உடுத்திப் பார்க்க ஆளுயரக் கண்ணாடியும் தனி அறையும் இந்தத் தெருவில் முதலில் வைத்தவன் நான். மலையைப் பார்த்த மாதிரி ஒரு வீடும் கட்டினேன். மேல்மாடியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு யாரும் சொல்லாதபோது நான்தானே சொல்ல வேண்டும்.

அந்த வீட்டு மேல்மாடி இப்போது பூட்டிக் கிடக்கிறது. பெண்பிள்ளைகள் வெளிநாட்டில். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கண்டியில் குடும்பத்தோடு இருக்கிறான்; காலையில் வேனில் வந்து கடையைத் திறப்பான், மாலையில் போய்விடுவான். கடை அவனுடைய பொறுப்பு. எனக்கு வாசலோரம் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. தொடக்கத்தில் தெருவில் போகிறவர்களை "வாங்க, வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, இது பஸ் ஸ்டாண்ட் இல்ல. கஸ்டமர் தானா வருவாங்க. நீங்க சும்மா உக்காந்து இருங்க."

சும்மா உட்கார்ந்திருந்தேன். காலையில் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் "குட் மோர்னிங் பெரிய முதலாளி" என்பார்கள். அதன் பிறகு சாப்பாட்டுப் பார்சல் வரும்வரை என்னோடு பேச யாருக்கும் ஒரு தேவையும் இருக்காது. ஒரு காலத்தில் சேலை விற்பது என்றால் நான் எழுந்து, சட்டைக்கு மேலேயே சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவேன். கட்டிக் காட்டாத சேலை வெறும் துணி. உள் அறையில் பெண்களுக்கு உடுத்திவிடுவது என் மனைவியின் வேலை. "என்னவிட உங்களுக்குத்தான் கொசுவம் நல்லா நிக்குது" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேலி பண்ணுவாள். அவள் போன பிறகு மகன் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வாங்கி நிறுத்தினான். நான் சேலை சுற்றிக் காட்டினால் இந்தக் காலத்தில் போனில் படம் எடுத்துச் சிரிப்பார்களாம்.

இப்படியிருக்கும்போதுதான் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார்.

அன்று மகன் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தான். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சீகிரியாவிலிருந்து வந்த ஆட்டோ. ஓட்டியவர் ஒரு சிங்கள ஆள், சிரித்த முகம். பின்னாலிருந்து இறங்கிய அம்மாவுக்கு என் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நல்ல உயரம். யானைப் படம் போட்ட தொளதொளக் காற்சட்டை அணிந்திருந்தார். நம் ஊரில் யாரும் போடாத உடுப்பு அது. நம் ஊர் உடுப்பு என்று சொல்லி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறார்கள். புத்த விகாரைக்குப் போனபோது முழங்கால் தெரிகிறது என்று நிறுத்திவிட்டார்களாம், அவசரத்துக்கு வாசலில் வாங்கினாராம். இதெல்லாம் ஆட்டோக்காரர் பிறகு சொன்னது. கடை வாசலில் அந்த அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். இந்த நாட்டில் மதிப்பான இடம் எது, சாதாரண இடம் எது என்று தெரியாமல் எல்லா வாசலிலும் கழற்றுகிறார் என்று விளங்கியது. என் கடை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றியதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை.

"நோனாவுக்கு ஒரு சேலை வேணுமாம் முதலாளி," என்று ஆட்டோக்காரர் சிங்களத்தில் சொன்னார். "வெள்ளையில."

"வெள்ளையா? எதுக்கு?"

"கல்யாணத்துக்கு. இவங்க தங்கியிருக்கிற இடத்துல சமைக்கிற அம்மாவோட மகளுக்கு நாளைக்கு இரத்தோட்டைல கல்யாணம். உங்க ஆக்கள்தான். நோனாவையும் கூப்பிட்டிருக்காங்க. கோயில்ல தாலி கட்டுறாங்களாம். வெள்ளைன்னா ஒரு குறையும் வராதுன்னு நான்தான் சொன்னேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் விகாரைக்கு வெள்ளை உடுத்திப் போகிறவர். சாமி இருக்கிற இடத்துக்கு வெள்ளைதான் மரியாதை என்று தன் மனதில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கள் கடைப் பிள்ளைகள் இரண்டு பேரும் இரத்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு எங்கே போனது புத்தி? மூத்த பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அந்த அம்மா தலையை மெல்ல ஆட்டிப் பதில் சொன்னார். உடனே இவள் இளையவள் பக்கம் திரும்பினாள்.

"பாவம்டி, வீட்டுக்காரர் இல்லையாம். அப்ப வெள்ளையே சரிதான். அந்தக் கிறீம் கலரையும் எடு."

ஒருத்தர் கோயிலை நினைத்தும் மற்றவர்கள் இரக்கப்பட்டும் அந்த அம்மாவுக்கு ஒரே வெள்ளைச் சேலையைக் கொடுக்கப் பார்த்தார்கள். பெண் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் இழவு வீட்டுக் கோலத்தில் ஒரு விருந்தாளி போய் நின்றால் அந்தச் சமையல்கார அம்மாவின் மனம் என்னாகும்? யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். ஏன் தள்ளி நிற்கிறார்கள் என்று இந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. கூட்டத்துக்குள்ளே தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"அதையெல்லாம் எடுத்து வைங்கம்மா."

"ஐயா, அவங்கதான் கேக்குறாங்க."

"அவங்களுக்குத் தெரியாம கேக்குறாங்க. உங்களுக்குமா தெரியாது?"

"அவங்க வீட்டுக்காரர் இல்லையாம் ஐயா."

"எனக்கும்தான் வீட்டுக்காரி இல்ல. என்னை யாராவது வெள்ளை உடுத்துன்னு சொன்னாங்களா?"

"நீங்க வெள்ளைதானே உடுத்தியிருக்கீங்க," என்றாள் இளையவள், என் வேட்டியைப் பார்த்து. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அலுமாரியில் எது எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியும். அகலம் கூடிய கைத்தறிச் சேலை ஒன்றைத் தேடி எடுத்தேன். அந்த உயரத்துக்குச் சாதாரண அகலம் கணுக்கால் தெரிய நிற்கும். பொம்மைக்கு உடுத்துகிறவர்களுக்கு இது தெரியாது. நிறம், சாதிக்காயைப் பிளந்தால் கொட்டையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்குமே வசவாசி, அந்தக் காயாத வசவாசியின் சிவப்பு. மாத்தளையில் பிறந்தவனுக்கு அதைவிட நல்ல சிவப்பு கிடையாது.

அந்த அம்மா ஒரு அடி பின்னால் போனார். ஆட்டோக்காரரிடம் ஏதோ சொன்னார்.

"வேணாமாம் முதலாளி. அவர் போனதுல இருந்து நிறம் எதுவும் உடுத்துறதில்லையாம். முதல்ல கறுப்பாம், பிறகு சாம்பலாம். யாரும் கட்டாயப்படுத்தலையாம். அப்படியே பழகிட்டாங்களாம்."

சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். துணியின் நிறத்தை டியூப் லைட்டில் பார்க்கக் கூடாது. வெயிலில் பார்க்க வேண்டும். ஒரு முனையை என் தோளில் போட்டு விரித்துக் காட்டினேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அந்த அம்மா கிட்டே வந்து துணியை விரலால் தொட்டார். முகர்ந்து பார்த்தார். பிறகு ஆட்டோக்காரரிடம் கேட்டார்.

"வீட்டுக்காரர் இல்லாத ஒருத்தி இதை உடுத்தி வந்தா கல்யாண வீட்டுல தப்பா நினைக்கமாட்டாங்களான்னு கேக்குறாங்க."

"அந்தச் சமையல்கார அம்மா இவங்களைக் கூப்பிடும்போது வீட்டுக்காரர் இருக்காரா இல்லையான்னு பார்த்தா கூப்பிட்டாங்க? சந்தோஷத்துக்குத்தானே கூப்பிட்டாங்க. சந்தோஷத்துக்கு உடுத்தச் சொல்லுங்க."

ஆட்டோக்காரர் அதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையை நீட்டிச் சேலையை வாங்கிக்கொண்டார். ஆட்டோக்காரர் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

இனி உடுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளை கை வைத்து உடுத்த முடியாது. கடைப் பிள்ளைகளுக்குச் சேப்டி பின் குத்தி நிறுத்தத் தெரியும், கொசுவம் நிற்காது. காலையில் அந்தச் சமையல்கார அம்மா பெண்ணை அலங்கரிப்பாளா, இவரைக் கவனிப்பாளா? தானே உடுத்தப் பழகினால்தான் உண்டு. மேசையில் கிடந்த வெள்ளைச் சேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் வேட்டிக்கு மேல் செருகினேன், அவர் யானைக் காற்சட்டைக்கு மேல் செருகினார். நான் ஒரு சுற்று, அவர் ஒரு சுற்று. நான் விரலில் மடித்து மடித்துக் காட்டினேன். அவருக்கு நழுவியது. அவிழ்த்து மறுபடி. மறுபடியும் நழுவியது. என் கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. கடைசியில் அவருக்கும் கொசுவம் நின்றது. வசவாசிச் சிவப்பில் அவரும் இழவு வெள்ளையில் நானுமாக, கண்ணாடியில் இரண்டு கிழங்கள்.

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார். யாரைப் பற்றி என்று குரலில் தெரிந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. நிறையப் பேசினார். முடித்ததும் நான் தமிழில் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து அவள் பண்ணும் கேலியை, கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிப் போர்வையைக்கூடக் கொசுவம் வைத்து மடித்துக்கொண்டிருந்ததை. பிள்ளைகளிடம்கூட நான் சொல்லாதது. அவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். அந்த மாதத்தில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

இளையவள் அந்த அம்மாவின் போனில் படம் எடுத்தாள். எடுக்கும் நேரம் பார்த்து அவர் முந்தானை தோளிலிருந்து சரிந்தது. நான் எட்டிப் பிடித்தேன்.

கடை மேல்மாடித் தையல்காரர் சாயங்காலத்துக்குள் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். புறப்படும்போது அந்த அம்மா, கல்யாணம் முடிந்து வந்து சொல்கிறேன் என்று ஆட்டோக்காரர் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நல்ல வேட்டியாக எடுத்து உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்த நாளும். சீகிரியாப் பக்கத்திலிருந்து எந்த ஆட்டோ வந்தாலும் பார்ப்பேன். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்பது ஆட்டோக்காரர் பிறகு ஒரு நாள் தனியாக வந்தபோதுதான் தெரிந்தது.

போனைக் காட்டினார். கல்யாண வீட்டில் பெண்கள் நடுவில் அந்தச் சிவப்பு. பெண்ணின் அம்மா அவர் தோளில் கை போட்டிருந்தாள். கொசுவம் அருமையாக நின்றது. அந்த அம்மா தன் ஊரில் இதைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறாராம். ஆட்டோக்காரர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். யானைக் காற்சட்டை, விகாரை வாசல், வெள்ளையா சிவப்பா என்ற குழப்பம், எல்லாம் வந்தது. ஆட்டோக்காரருக்கு நன்றி, கடைப் பிள்ளைகளுக்கு நன்றி. பிறகு, "அந்தக் கடையில் வேலை செய்யும் ஒரு வயதானவர்" என்று ஒரு வரி.

கடையில் எடுத்த அந்தப் படமும் அதில் இருந்தது. அது மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெரிதாக அச்சடித்துக் கடை முகப்பில் மாட்டினான். அடியில் "எங்கள் ஊழியர்களின் அன்பான சேவை" என்று எழுத்து. நான் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அந்த அம்மா சிரிக்கிறார். பக்கத்தில் மூத்த பிள்ளையும் சிரிக்கிறாள். ஓரத்தில், முந்தானையைப் பிடித்தபடி ஒரு கை மட்டும். என்னை வெட்டிவிட்டார்கள்.

"நீங்க வெள்ளைச் சேலை சுத்திக்கிட்டு நிக்கிறீங்கப்பா," என்றான் மகன். "அதை ரோட்டுல மாட்டினா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே உள்ள வருவாங்க."

"ஏற்கெனவே உங்களை வேலையாள்னு எழுதிட்டாங்க. உங்க மரியாதைக்காகத்தான் வெட்டினேன்."

"வேலையாள்தான். சாக்கை விரிச்சவனும் அந்த வேலையாள்தான்."

அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே உள்ளே போனான். அவன் கெட்டவன் இல்லை. என்னைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் படத்துக்குக் கீழேதான் என் நாற்காலி. வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள். அந்தக் கையில் உள்ள மணிக்கூடு, அரைக் கடைக் காலத்தில் பக்கத்துக்காரர் எனக்குத் திருத்திக் கொடுத்தது. அதே மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டுதான் அடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரும் மேலும் கீழும் பார்த்ததில்லை.

ஆகவே மகனுக்கும் கடையில் உள்ள எல்லாருக்கும் எழுதிவிடுகிறேன். படத்தை இறக்குங்கள். முழுப் படத்தை மாட்டுங்கள், சேலையோடு நான் நிற்கிறபடியே. அந்த ஊழியர்கள் எழுத்தை அழித்துவிட்டு, இந்தச் சிவப்பைத் தெரிந்தெடுத்ததும், இந்தக் கொசுவத்தைச் சொல்லிக்கொடுத்ததும், இந்த முந்தானை விழாமல் பிடித்ததும், இந்தக் கடையைக் கட்டியதும் ஒரே ஆள் என்று போடுங்கள். என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். நான் அந்த நாற்காலியில் இருக்கும்போதே போடுங்கள்.