ரிவர்ஸில் மட்டும் உதறாத கார்

அந்த மெக்கானிக்கை எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் மனைவியும் அப்படித்தான். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் பதினோரு வருடம் வேலை செய்தவர். மற்றவர்கள் நாளுக்கு ஐந்து கார் முடிக்கும் நேரத்தில் இவர் ஒன்றை முடிப்பார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் முடித்த கார் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை என்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. நாற்பது வயதுக்கு மேல் காரின் கம்ப்யூட்டர் பற்றித் தானாகவே படித்து, இரண்டு வண்டி நிற்கக்கூடிய ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். மனைவி போனில் சாமான் வரவழைப்பார், வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவார், மிச்ச நேரத்தில் கணவரைக் கிண்டல் செய்வார்.

நான் போனது செவ்வாய்க்கிழமை மதியம், பொறுமையே இல்லாமல். என் அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் முறை. முழங்கால் மடங்காது என்பதால், வெளியே திரும்பும் இருக்கை பொருத்திய எங்கள் காரைத் தவிர வேறு எதிலும் அவளை ஏற்ற முடியாது. அந்தக் கார் திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, நடுரோட்டில் உதறி நின்றுவிட்டது. ஒரு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முப்பத்தெட்டு வருடம் நர்ஸாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். அந்த மூச்சுத்திணறல் எப்படி இருக்கும் என்று தெரியும்.

போன வாரம் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியபோது ஐந்து கோளாறு எண்கள் வந்தன. இரண்டு சிலிண்டர் சரியாக எரியவில்லை, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை, புகைக்குழாய் சென்சார் சரியில்லை, இன்ஜின் வேகம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ப்ளக், காயில், சென்சார் என்று வரிசையாக மாற்றி, எண்களை அழித்துக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் ஐந்தும் திரும்பி வந்துவிட்டன.

நத்தையும் ஸ்கேனரை மாட்டினார். எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எதையும் அழிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"எப்ப உதறுதுன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எப்ப உதறாமப் போகுதும்மா?"

கியர் போடாமல் நிற்கும்போது பரவாயில்லை என்றேன். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ரிவர்ஸில் உதறுவதே இல்லை என்றும் சொன்னேன். எங்கள் சந்து முழுக்கப் பின்னாலேயே வரவேண்டும், அதுவரை கார் சாதுவாக வரும். சிரிப்பார்கள் என்று முந்தைய இடத்தில் இதை நான் சொல்லவில்லை. இவர் சிரிக்கவில்லை. இவர் மனைவிதான் சிரித்தார்.

"அப்ப ரிவர்ஸ்லயே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்கம்மா. இவரு சரி பண்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம்."

நத்தை சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பானெட்டைத் திறந்து, மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு ஆட்டோமேட்டிக் கியரை மட்டும் மாற்றச் சொன்னார். ரிவர்ஸ் போட்டால் இன்ஜின் அமைதி. முன் கியர் போட்டால் உதறல். ஏழெட்டு முறை அதையே செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மணி மூன்றாகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

பிறகு என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். முன் கியர் விழுந்ததும் இன்ஜின் மொத்தமாக ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அதைத் தாங்கும் ரப்பர் ஒன்று விட்டுப்போயிருந்தது. இன்ஜின் தூக்கும்போது, அதற்குக் காற்று கொண்டுபோகும் மடிப்பு ரப்பர் குழாய் இழுபட்டது. குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு வாய் திறந்தது. ரிவர்ஸ் போட்டதும் இன்ஜின் எதிர்ப்பக்கம் சாய, வெடிப்பு மூடிக்கொண்டது. மூடிய பிறகு அங்கே வெடிப்பு இருப்பதே தெரியவில்லை.

முன் கியரில் வைத்துக்கொண்டே துணியால் அந்த இடத்தை அழுத்தினார். உதறல் நின்றது. கையை எடுத்தார், உதறியது. மறுபடி அழுத்தினார், நின்றது.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லலம்மா. அதுக்குத் தெரியாத காத்து உள்ள போகுது. அதான் அஞ்சு விதமாக் கத்துது."

அந்த வெடிப்பு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஐந்து தொந்தரவு சொன்னால் ஐந்து மருந்து எழுதுகிறவர்களிடம்தான் என் காலம் முழுக்க வேலை பார்த்திருக்கிறேன். ஐந்தையும் ஒன்றாகப் பார்த்து, நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒன்றைத் தொட்டுக் காட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் யாருக்கும் நத்தை என்று பட்டப்பெயர் இருந்ததில்லை.

புதுக் குழாய் வியாழக்கிழமைதான் வரும் என்று அவர் மனைவி போனை வைத்துவிட்டுச் சொன்னார். தாங்கும் ரப்பர் மட்டும் அன்றே கிடைத்தது. அதை மாற்றிவிட்டு, வெடிப்பின் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி இரண்டு கிளாம்ப் போட்டு முடுக்கினார் நத்தை.

"நாளைக்குத் தாங்குமா தம்பி?"

அவர் சாவியை எடுத்தார். என்னை ஏற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் மேடும் பள்ளமுமாக ஓட்டினார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்து, கிளாம்ப் நகர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"தாங்கும்."

புதன்கிழமை காலை அக்கா வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள். மணி ஏழு ஆகும்போது அவளுக்கு ஊசி ஏறியிருந்தது.